கூடங்குளத்துக் கார்னர் பையன் புரோ கபடிக்குப் போவானா?

கோயில் கொடை முடிந்த மறுநாள் ராத்திரி. செம்மண் தரையில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு மூலையிலும் கம்பம் நட்டு லைட் கட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் வரிசையாகச் சுழலும் காற்றாலைகள், இன்னொரு பக்கம் தூரத்தில் அணுமின் நிலையத்தின் விளக்குகள். நடுவில் மைக்கில், ‘பாடி வருவது ஏழாம் நம்பர் வீரர்’ என்று ஒருவர் தொண்டை கிழிய அறிவித்துக்கொண்டிருப்பார். கூடங்குளம், வடக்கன்குளம், செட்டிகுளம், விஜயாபதி என்று ராதாபுரம் வட்டாரத்து ஊர்களில் இந்தக் காட்சி ஒன்றும் புதிதல்ல.

அந்தக் கூட்டத்தில் எப்போதும் ஒரு பையன் இருப்பான். இடது கார்னரில் குனிந்து நிற்பான். பாடி வருகிறவன் ஒரு காலைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வைத்தால் போதும், கணுக்கால் அவன் கையில்! ஊரே எழுந்து நின்று விசில் அடிக்கும். மறுநாள் காலை டீக்கடையில் பேச்சு ஆரம்பிக்கும்: “நம்ம பயல டிவியில பாக்கலாம்வே!”

வீட்டுக்குள் பேச்சு வேறு மாதிரி இருக்கும். “எய்யா, கால்கை ஒடிஞ்சா யாரு பாக்கது? படிப்ப முடிச்சிட்டு ஆடுனா என்ன?” என்பாள் அம்மா. “நீ சும்மா இரு மதினி, லட்சக்கணக்குல ஏலம் எடுக்கான்” என்பார் மாமா.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது. இந்தப் பையன் நிஜமாகவே அந்த அளவுக்கான ஆட்டக்காரன்தானா? அதை எதை வைத்து முடிவு செய்வது?

வாசல் எவ்வளவு அகலம்?

முதலில் வாசலைப் பார்ப்போம். புரோ கபடி லீக் 2014ல் தொடங்கியது. 2017ல் நடந்த ஐந்தாவது சீசனில் தமிழ் தலைவாஸ் உள்ளே வந்தது. இப்போது மொத்தம் 12 அணிகள். ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர் என்று வைத்துக்கொண்டாலும், நாடு முழுவதற்கும் 300 இடங்கள்தான். அதிலும் ஈரான் போன்ற நாடுகளின் வீரர்களுக்கும் பங்கு உண்டு. ஹரியானாவின் ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் பையன்கள் இதே வாசலை நோக்கித்தான் ஓடி வருகிறார்கள்.

கல்லூரி மாணவனுக்கு வழி இல்லாமல் இல்லை. 2017ல் ‘ஃப்யூச்சர் கபடி ஹீரோஸ்’ என்ற பெயரில் புதுமுகங்களைத் தேடும் முகாம்கள் நடந்தன. ‘புதிய இளம் வீரர்’ என்று தனிப் பிரிவே லீக்கில் இருக்கிறது. 2022ல் ஒன்பதாவது சீசன் ஏலத்துக்கு முன், பெங்களூருவில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளிலிருந்து 24 பேரை வீரர் பட்டியலில் சேர்த்தார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். அந்த 24 பேரும் கொடைப் போட்டியிலிருந்து நேராகப் போனவர்கள் அல்ல. கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று படிப்படியாக ஏறியவர்கள். கூடங்குளத்துப் பையனுக்கு அந்த முதல் படி, அவன் கல்லூரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்தால், அதன் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி.

பணம்? சமீபத்திய ஏலங்களில் ஏ பிரிவு வீரரின் அடிப்படை விலை 30 லட்சம், பி பிரிவு 20 லட்சம், சி பிரிவு 13 லட்சம், டி பிரிவு 9 லட்சம். தலைப்புச் செய்தியாகும் கோடிகள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான். அந்தச் சிலரில் தடுப்பாட்டக்காரர்களும் உண்டு என்பது கார்னர் பையனுக்கு நல்ல சேதி. ஈரானின் ஃபாசல் அத்ராச்சலி 2018ல் ஒரு கோடிக்குப் போனார். இடது கார்னரான இன்னொரு ஈரான் வீரர் முகமது ரேசா ஷாட்லு 2023 ஏலத்தில் 2 கோடியே 35 லட்சத்துக்குப் போனார்.

விசில் சொல்லாத கணக்கு

இனி பையனைப் பார்ப்போம். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், எடை 72 கிலோ, இடது கார்னர்.

ஒரு மேட்சில் அவன் 11 தடவை பிடிக்கப் பாய்கிறான். 5 பிடி விழுகிறது. ஊர் கொண்டாடுகிறது. வேறொரு மேட்சில் 5 தடவைதான் பாய்கிறான், 3 பிடி விழுகிறது. ‘இன்னைக்குப் பயலுக்கு ஆட்டம் சரியில்ல’ என்று கூட்டம் கலைகிறது.

கபடி தெரிந்த கண்ணுக்கு இரண்டாவது மேட்ச்தான் நல்ல மேட்ச். காரணம் விதியிலேயே இருக்கிறது. பிடி விழுந்தால் நமக்கு ஒரு பாயின்ட். பிடி நழுவினால் எதிரணிக்குக் குறைந்தது ஒரு பாயின்ட், அதோடு நம் ஆள் அவுட் ஆகி வெளியே போய் உட்கார வேண்டும். முதல் மேட்சில் அவன் 5 பாயின்ட் சம்பாதித்து 6 பாயின்ட் கொடுத்துவிட்டான். ஆறு தடவை கார்னரைக் காலியாக விட்டுப் போனான். அந்த நேரத்தில் எதிரணி என்ன செய்தது என்பது தனிக் கணக்கு. இரண்டாவது மேட்சில் கொடுத்தது 2, எடுத்தது 3.

இன்னொன்றும் உண்டு. பாடி வருகிறவனுக்கு 30 விநாடிதான். யாரையும் தொடாமல், போனஸும் எடுக்காமல் திரும்பினால் அது வெறும் ரைடு. ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு வெறும் ரைடு போனால், மூன்றாவது ‘டூ ஆர் டை’. அதில் பாயின்ட் எடுக்காவிட்டால் பாடி வந்தவனே அவுட். ஆக, முதல் இரண்டு ரைடிலும் பாயாமல், இடமும் கொடுக்காமல், பாடி வருகிறவனைத் திருப்பி அனுப்பும் கார்னர், ஒரு பிடியும் போடாமலே அணிக்கு வேலை செய்திருக்கிறான். மூன்றாவது ரைடில் வருகிறவன் எப்படியும் உள்ளே வந்தாக வேண்டும். அப்போது பிடிக்கலாம்.

அதனால்தான் தடுப்பாட்டக்காரனைத் தேர்வு செய்கிறவர்கள் அவன் போட்ட பிடியை மட்டும் எண்ணக் கூடாது. போடாமல் விட்ட பிடியையும் எண்ண வேண்டும். கை நீட்டத் தோன்றிய இடத்தில் நீட்டாமல் நின்றானே, அது எத்தனை தடவை? அந்தப் பொறுமையைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம். கணுக்கால் பிடியைக் கற்றுக் கொடுத்துவிடலாம்.

தேர்வாளரின் கண் எங்கே போகும்?

முதலில் கால்களுக்கு. நல்ல கார்னர் பிடிக்கும்போது மட்டும் குனிபவன் அல்ல, 30 விநாடியும் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பவன். களைத்ததும் நிமிர்ந்து நிற்கிறவனைப் பாடி வருகிறவன் உடனே மோப்பம் பிடித்துவிடுவான். 40 நிமிட ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் பையனின் இடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது பார்வை. பாடி வருகிறவனின் கையைப் பார்க்கிற கார்னர் ஏமாறுவான். கை பொய் சொல்லும், தலை பொய் சொல்லும். இடுப்பும் எடை தாங்கும் காலும் அவ்வளவு லேசில் பொய் சொல்லாது. எந்தக் காலில் எடை இறங்குகிறது என்று தெரிந்த பிறகு பாய்கிறானா, அதற்கு முன்பே அவசரப்படுகிறானா என்பதை நாலைந்து ரைடுகளில் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, கூட்டாளி. கார்னரும் பக்கத்தில் நிற்பவனும் கை கோத்து நகர்வதைத்தான் செயின் என்கிறார்கள். ஊர் அணியில் சின்ன வயதிலிருந்து கூடவே ஆடிய நண்பன் பக்கத்தில் நிற்பான். கண் அசைத்தாலே புரியும். லீக்கில் பக்கத்தில் நிற்பவன் ஹரியானாக்காரன், கவரில் நிற்பவன் மகாராஷ்டிராக்காரன். ‘போ’, ‘நில்’ என்பதையே வேறு மொழியில் கேட்டுக்கொண்டு ஒரே நொடியில் சேர்ந்து நகர வேண்டும். கார்னர் காலைப் பிடிக்கிறான், ஆனால் பாடி வந்தவனைக் கோட்டைத் தொடவிடாமல் அடைப்பது பெரும்பாலும் கவரின் வேலை. தான் பிடித்ததோடு சரி என்று நினைக்கிற கார்னரும் தேற மாட்டான், கவர் பாயும்போது பின்னாலேயே போய் விழாத கார்னரும் தேற மாட்டான்.

நான்காவது, தோற்ற பிறகு என்ன செய்கிறான் என்பது. இரண்டு பிடி நழுவி வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வருகிறவன், ‘காட்டுகிறேன் பார்’ என்று முதல் ரைடிலேயே பாய்கிறானா? அல்லது ஒன்றுமே நடக்காதது போல அதே தாழ்ந்த நிலையில் நிற்கிறானா? களத்தில் மூன்று பேர் மட்டுமே மிஞ்சியிருக்கும்போது பிடித்தால் ‘சூப்பர் டேக்கிள்’, இரண்டு பாயின்ட். அந்த நேரத்தில் கை நடுங்காதவனுக்குத்தான் மதிப்பு.

கடைசியாகத்தான் உடம்பு. சீனியர் ஆண்களுக்கான எடை வரம்பு 85 கிலோ. 72 கிலோ பையன் அதோடு ஒப்பிட்டால் லேசு. வேகமாக வரும் 80 கிலோ ஆளை அவன் கணுக்காலில் பிடித்தாலும், இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அதற்காக ஆறே மாதத்தில் பத்து கிலோ ஏற்றினால் இடுப்பின் வளைவு போய்விடும். தொடை, முதுகு, பிடிமானம் என்று பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டிய எடை அது. உயரம் ஒரு பிரச்னையே இல்லை. கார்னருக்குத் தாழ்ந்து நிற்பதுதான் பலம்.

செம்மண் வேறு, மேட் வேறு

உள்ளூர் ஆட்டத்தை வைத்து எடை போடுவதில் பெரிய ஏமாற்றம் தரையால் வரும். செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடும்போது கால் வழுக்கும். பாடி வருகிறவன் சட்டென்று திரும்ப முடியாது. கணுக்கால் பிடிக்கு அது வசதி. லீக் நடப்பது செயற்கை மேட்டில், ஷூ போட்டுக்கொண்டு. அங்கே கால் பிடித்து நிற்கும். பாடி வருகிறவன் அரை நொடியில் திசை மாற்றுவான். மண்ணில் விழுந்த அதே பிடி மேட்டில் காற்றைப் பிடிக்கும். கால் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்காலுக்கும் ஆபத்து.

இரண்டாவது ஏமாற்றம் எதிராளியால் வரும். ஊர்ப் போட்டியில் ஓர் அணிக்கு ஒரு நல்ல ஆள்தான் பாடி வருவான். அவனை அடக்கிவிட்டால் ஜெயித்துவிடலாம். லீக்கில் அடுத்தடுத்து மூன்று பேர் மூன்று விதமாக வருவார்கள். ஒருவன் போனஸுக்குக் காலை நீட்டுவான், ஒருவன் கை தொடுவான், ஒருவன் தலைக்கு மேலேயே தாவுவான்.

அதனால் பையனைச் சரியாக எடை போட வேண்டும் என்றால் கொடைப் போட்டியின் வீடியோ போதாது. பல்கலைக்கழக அளவில், மேட்டில், தன்னைவிடப் பெரிய ஆட்களுக்கு எதிராக அவன் ஆடிய பத்துப் பன்னிரண்டு மேட்சுகள் வேண்டும். கல்லூரிகளுக்கும் தனிப் பிரிவு வைத்து மாவட்ட அளவிலிருந்து நடக்கும் முதலமைச்சர் கோப்பை அதற்கு ஒரு நல்ல மேடை. கூடங்குளத்திலிருந்து பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போய்வர ஒரு நாள் போகும்தான். அந்த நாள் வீணல்ல.

வீட்டில் யாராவது போனில் படம் எடுத்தால், விழுந்த பிடிகளை மட்டும் வெட்டிப் பாட்டுப் போட்டு ஒட்டாதீர்கள். கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று, ஏழு பேரும் தெரிகிற மாதிரி, முழு மேட்சையும் எடுங்கள். விவரம் தெரிந்த பயிற்சியாளர் நழுவிய பிடியைத்தான் முதலில் பார்க்கக் கேட்பார்.

மணத்தியும் தஞ்சாவூரும்

இந்த மண்ணுக்குக் கபடியில் பெருமை உண்டு. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 1995க்கான அர்ஜுனா விருது பெற்றார். மாரி செல்வராஜ் இயக்கி 2025 தீபாவளிக்கு வந்த ‘பைசன் காளமாடன்’ அவர் வாழ்க்கையைத் தழுவிய படம். அவர் காலத்தில் ஏலமும் இல்லை, டிவி வெளிச்சமும் இல்லை. கம்பெனி அணி, மின்வாரிய அணி என்று வேலையோடு சேர்ந்த கபடிதான் இருந்தது.

கார்னர் பையன் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய படம் இன்னொருவருடையது. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன், வலது கார்னர். 2016ல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அவர்தான் கேப்டன். அதே ஆண்டு அகமதாபாத்தில் இந்தியா உலகக்கோப்பை வென்றபோது அணியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41! லீக் முழுக்க அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள். வேகத்தை மட்டும் நம்பி ஆடுபவருக்கு அந்த வயதில் ஆட்டம் முடிந்திருக்கும். எப்போது பாயக் கூடாது என்று தெரிந்தவருக்கு ஆட்டம் நீளும். இருபது வயதில் தேர்வாகவில்லை என்றால் எல்லாம் போச்சு என்று நினைக்கும் பையன்களுக்கு அவர் ஒரு பதில்.

அம்மா கேட்டதும் நியாயம்தான்

2022ல் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கியது. அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்காத தொகை. சீசனின் முதல் மேட்சிலேயே, எதிரணி ஆளைப் பிடிக்கப் போன இடத்தில் முழங்காலில் அடி. அந்த சீசன் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. அதே அணியில் புதிய இளம் வீரராக வந்திருந்த நரேந்தர் அந்த இடத்தில் எழுந்து நின்று, முதல் சீசனிலேயே 243 ரைடு பாயின்ட் எடுத்தார். தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது.

ஒரு முழங்கால் ஒருவருக்குக் கதவை மூடி, இன்னொருவருக்குத் திறந்தது. பவன் மீண்டு வந்தார். அடுத்த ஏலத்தில் இன்னும் அதிக விலைக்குப் போனார், 2023 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கும் தலைமை தாங்கினார். ஆனால், அந்த உயரத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் மருத்துவமும் ஓய்வும் கொடைப் போட்டியில் விழுந்த பையனுக்குக் கிடைக்காது. முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனால், திரும்பக் களமிறங்கப் பெரும்பாலும் ஒன்பது மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். அந்த ஒரு வருஷம் கையில் எதுவும் இல்லாத பையனை வீடுதான் தாங்க வேண்டும்.

அதனால் அம்மாவின் கேள்விக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கல்லூரியை விடாமல் ஆடினால்தான் பல்கலைக்கழக அணியில் இடம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான ‘படிவம் 3’ சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும்போது கைகொடுக்கும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வருமான வரித்துறை, போலீஸ், ராணுவம் என்று கபடி ஆடுகிறவர்களை வேலைக்கு எடுக்கும் இடங்களும் உண்டு. அந்தத் துறை அணிகளில் ஆடிக்கொண்டே லீக்குக்குப் போனவர்கள் நிறைய. டிகிரி என்பது கபடிக்குப் போட்டி அல்ல, அதே ஏணியின் இன்னொரு படி.

ஒரு எச்சரிக்கை. ‘லீக்கில் சேர்த்து விடுகிறேன், இவ்வளவு பணம் கட்டுங்கள்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகம், கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர், மாவட்ட விளையாட்டு அலுவலகம் ஆகிய மூன்று இடங்களில் விசாரிக்காமல் ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது.

சரி, போவானா?

கற்பனைப் பையனுக்குத் தீர்ப்பு சொல்லும் நேரம். 11 தடவை பாய்ந்து 5 பிடி போட்ட பையன் மட்டும்தான் அவன் என்றால், விடை: இப்போதைக்கு இல்லை. ஊருக்கு நல்ல ஆட்டக்காரன், அவ்வளவுதான். 5 தடவை மட்டும் பாய்ந்து 3 பிடி போட்டவனும் அவன்தான் என்றால், கதை வேறு. ஏனென்றால் அந்தப் பொறுமை அவனுக்குள் எங்கேயோ இருக்கிறது. அது தற்செயலாக வந்ததா, பழக்கமா என்பதுதான் கேள்வி.

அதற்கு இரண்டு வருஷம் கொடுக்கலாம். வாரத்தில் சில நாளாவது மேட்டில் ஆட்டம். தொடைக்கும் முதுகுக்கும் வலு. எடை 72லிருந்து மெதுவாக 78 வரை. பல்கலைக்கழக அணியில் இடம். ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு சின்ன நோட்டு: எத்தனை தடவை பாய்ந்தான், எத்தனை விழுந்தது, எத்தனை தடவை வெளியே உட்கார்ந்தான். அக்காவோ தங்கையோ அந்தக் கணக்கை எழுதலாம், பெரிய படிப்பு வேண்டாம். பாய்ந்ததில் பாதிக்கு மேல் விழ ஆரம்பித்து, பெரிய ஆட்களுக்கு எதிரேயும் அந்தக் கணக்கு நின்றால், தேர்வு முகாமுக்குப் பஸ் ஏற்றிவிடலாம். நிற்காவிட்டால், கையில் டிகிரியும் சான்றிதழும் இருக்கும். ஊர்க் களமும் எங்கும் போய்விடாது.

அடுத்த கொடைக்கு அவன் கார்னரில் நிற்பான். பாடி வருகிறவன் காலை நீட்டி ஆசை காட்டுவான். கூட்டம் ‘பிடில! பிடில!’ என்று கத்தும். பையன் அசையாமல் நின்றால் கூட்டத்துக்குக் கோபம் வரும். நோட்டும் கையுமாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு மட்டும் அண்ணன் ஏன் பாயவில்லை என்று தெரியும்.